உதவிப்பணமும் கல்வியும் தொண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமங்களிலே, வறியோர்க்கும் உடல்வலு இழந்தோர்க்கும் அரசாங்கம் மாதந்தோறும் வழங்கும் சிறு தொகைக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர் 'பிச்சைச் சம்பளம்' என்பதாகும். சட்டப் புத்தகம் எதிலும் இப்பெயர் காணப்படுவதில்லை. அங்கே அது பொதுசன மாதாந்த உதவிப்பணம் என்றே எழுதப்பட்டிருக்கும். ஆயினும் மக்கள் வாயிலே பிறந்த பெயர் மக்கள் மனத்தைக் காட்டுவது. பிச்சை என்பது கொடுப்பவன் இரங்கிக் கொடுப்பது. சம்பளம் என்பது வேலை செய்தவன் உரிமையோடு பெறுவது. இவ்விரண்டு சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஒட்டாதவற்றை ஒட்டவைத்த காரணத்தினாற்போலும், அப்பணத்தைப் பெறுபவரிடம் ஊரார் ஒரு விசித்திரமான வேலையை எதிர்பார்க்கின்றனர். நோயாளியாகத் திண்ணையிலே உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலை. அவர் புத்தகப்பையோடு வீதியில் இறங்கிவிட்டால், வேலையைக் கைவிட்டவராகவே அவரைப் பார்க்கின்றனர்.

இந்த எண்ணம் வெறும் பேச்சோடு நிற்பதாயின் அதைப் பற்றி ஆராய வேண்டியதில்லை. ஆனால் அது அச்சமாக மாறிப் பலரை வீட்டுக்குள்ளே இருத்திவிடுகின்றது. ஓர் இளைஞனை உதாரணமாக எண்ணிக்கொள்ளலாம். அவன் அச்சுவேலிப் பக்கத்தவன் என்று கொள்வோம். போர்க்காலத்துக் கண்ணிவெடியிலே சிறுவயதில் ஒரு காலை இழந்தவன். செயற்கைக் கால் பூட்டி நடக்கிறான். தாய் கோழி வளர்த்துக் குடும்பத்தைப் பார்க்கிறாள். அவனுக்கு மாதந்தோறும் உதவிப்பணம் வருகின்றது. யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியிலே கணக்கியல் பயில அவனுக்கு விருப்பம். மாலை வேளைகளில் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கவும் ஆசை. அயல்வீட்டுக்காரர் அவனிடம் சொல்கிறார்: “தம்பி, நீர் வகுப்புக்குப் போறதை விதானையார் கண்டால் காசை நிப்பாட்டிப் போடுவினம்.” இந்த ஒரு வாக்கியம் போதும். இளைஞன் விண்ணப்பப் பத்திரத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறான்.

அயல்வீட்டுக்காரர் சொன்னது சரியா? இதற்கு விடை காண்பதாயின், முதலில் அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகின்றது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். நோயாளிக்கும் வலுவிழந்தவருக்கும் வரும் பணம் எல்லாம் ஒரே வகைப்பட்டதன்று. ஊர்ப்பேச்சு எல்லாவற்றையும் ஒரே கடகத்தில் போட்டு அள்ளுகின்றது. குழப்பம் அங்கேதான் தொடங்குகின்றது.

இழந்த உறுப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் பணம் ஒருவகை. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தொழில் செய்யுமிடத்து விபத்தில் நிரந்தரமாக உறுப்பிழந்த தொழிலாளிக்கு மொத்தமாக ஒரு தொகை வழங்கப்படுகின்றது. கை போனமைக்குக் கொடுத்த பணத்தை, அவர் பின்னர் வகுப்புக்குப் போகிறார் என்பதற்காக எவரும் திருப்பிக் கேட்பதில்லை. படித்ததனால் கை முளைத்துவிடுவதில்லை அல்லவா?

வேலை செய்ய இயலாமைக்காகக் கொடுக்கப்படும் பணம் மற்றொருவகை. மாதச் சம்பளக்காரர் வைத்தியச் சான்றிதழ் காட்டிப் பெறும் சுகவீன விடுமுறைச் சம்பளமும், 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியிலிருந்து, நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் வயது வருமுன்னரே பணத்தை மீட்டுக்கொள்ளும் ஏற்பாடும் இவ்வகையின. இங்கேதான் 'நீர் உண்மையிலே இயலாதவரா?' என்ற கேள்வி நியாயமாக எழக்கூடும். முதுகு நோவென்று விடுமுறை எடுத்தவர் நாள் முழுவதும் வகுப்பறை வாங்கிலே உட்கார்ந்திருந்தால் மேலதிகாரி வினவத்தான் செய்வார்.

இன்னுமொரு வகை, குறித்த நோய்க்காகக் குறித்த காலம் வரை கொடுக்கப்படுவது. காசநோய், புற்றுநோய் போன்றவற்றால் வருந்தும் வறியவர்க்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் வாயிலாக நோய் உதவிப்பணம் உண்டு. காசநோய்க்குரிய மருந்தை வழக்கமாக 6 மாதம் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். அக்காலத்திலே போசாக்கான உணவு உண்ணவும், பிரயாணம் செய்து மருந்தகத்துக்கு வரவும், வருமானம் குறைந்த குடும்பம் தளராதிருக்கவும் அப்பணம் கொடுக்கப்படுகின்றது. தொற்று நீங்கியதென வைத்தியர் சொன்னபின் நோயாளி மாணவன் பாடசாலைக்குத் திரும்புவது நோக்கத்துக்கு மாறானதன்று. மருந்தின் நோக்கமே அதுதான்.

இனி, நம் இளைஞன் பெறும் பணத்துக்கு வருவோம். இதன் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலே 1939 ஆம் ஆண்டில் வறியோர் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களை நோக்கியதாகவே இருந்தது. யாழ்ப்பாணத்து ஏழைக்கு அச்சட்டம் எட்டவில்லை. பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவைகள் ஆணைக்குழு 1947 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பிரித்தானியாவிலே 1942 இல் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிய பெவரிட்ஜ் அறிக்கையின் காற்று இங்கும் வீசிய காலம் அது. 1948 இல் சமூக சேவைகள் திணைக்களம் தோன்றியது. உதவிப்பணம் நாடெங்கும் பரவிற்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் இப்பொறுப்பிற் பெரும்பகுதி மாகாணங்களின் கைக்கு வந்தது.

வலுவிழந்தோர்க்கெனத் தனிச்சட்டம் வந்தது 1996 இலேதான். அவ்வாண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, வலுவிழந்தவர் என்ற காரணத்துக்காக ஒருவருக்கு வேலையிலோ கல்வி நிறுவனத்தின் அனுமதியிலோ பாரபட்சம் காட்டலாகாது என்று விதிக்கின்றது. வலுவிழந்தோர்க்கான தேசிய மன்றமும் அச்சட்டத்தினால் ஏற்பட்டதே. குறைந்த வருமானமுடைய குடும்பங்களிலுள்ள வலுவிழந்தோர்க்கு மாதம் 3,000 ரூபா கொடுக்கும் திட்டம் பின்னர் வந்தது. அத்தொகை 5,000 ஆயிற்று. 2023 இல் 'அஸ்வெசும' என்னும் நலன்புரித் திட்டம் தொடங்கியது. 2024 இல் வலுவிழந்தோர் கொடுப்பனவு 7,500 ரூபாவாகவும், 2025 இல் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. சிறுநீரக நோயாளர்க்கும் அதே தொகையே குறிக்கப்பட்டது.

பத்தாயிரம் என்றால் நாளொன்றுக்கு 333 ரூபா. சக்கர நாற்காலியில் உள்ளவர் காங்கேசன்துறை வீதியில் ஓடும் பஸ்ஸில் ஏறுவதற்கு வழியில்லை, முச்சக்கரவண்டியே கதி. அந்த 333 ரூபா வகுப்புக்குப் போய்வரும் செலவுக்கே போதாது. ஆகவே இப்பணம் ஒருவரைச் சோம்பேறியாக்கும் அளவுக்குப் பெரியது என்று கூறுவோர், கணக்கைப் போட்டுப் பாராதவர்.

இப்போது முக்கியமான செய்தி. இக்கொடுப்பனவுக்கு அடிப்படை இரண்டு: ஒன்று வைத்தியர் உறுதிப்படுத்தும் வலுவிழப்பு, மற்றது குடும்பத்தின் வறுமை. வேலை செய்ய அறவே இயலாதவர் என்று நிரூபிப்பது இதன் அடிப்படையன்று. ஆகவே படிப்பதனாலோ ஊதியமின்றித் தொண்டு செய்வதனாலோ இந்த இரண்டில் ஒன்றும் மாறிவிடுவதில்லை. கால் இல்லாமை அப்படியே இருக்கின்றது. வீட்டு வறுமையும் அப்படியே இருக்கின்றது. மாறக்கூடியது குடும்ப வருமானம் ஒன்றே. அஸ்வெசும திட்டத்திலே குடும்பத்தின் நிலையை அளக்க 6 துறைகளின் கீழ் 22 அளவுகோல்கள் வைக்கப்பட்டுள்ளன. மின்சாரப் பாவனை, வாகனம், வீட்டின் தன்மை என்பன எல்லாம் அங்கே எண்ணப்படுகின்றன. தமையன் வாங்கும் மோட்டார் வண்டி, தம்பி போகும் வகுப்பைக் காட்டிலும் அதிகாரியின் கண்ணில் கூடுதலாகப் படும். ஊரார் தவறான வாசலைக் காவல் காக்கின்றனர்.

அங்ஙனமாயின் அயல்வீட்டுக்காரரின் பேச்சு எங்கிருந்து வந்தது? அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மகளோ மருமகனோ இலண்டனில் இருக்கக்கூடும். அங்கிருந்து தொலைபேசியில் வரும் செய்திகள் குடாநாட்டின் ஒவ்வொரு முற்றத்திலும் உலவுகின்றன. 'கிழமைக்கு 16 மணித்தியாலம்' என்னும் விதியைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. பிரித்தானியாவிலே, நோயினால் வேலை செய்ய இயலாதவர் என்ற அடிப்படையில் கொடுக்கப்படும் உதவிப்பணத்தைப் பெறுபவர், ஊதியத்துக்கு வேலை செய்வதாயின் கிழமைக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறைவாகவும், வருவாயில் ஒரு வரம்புக்குள்ளும் செய்தல் வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. இது ஊதிய வேலைக்குரிய விதி. ஊதியமில்லாத் தொண்டுக்கு அங்கே மணிக்கணக்கு வரம்பு இல்லை. பஸ் கட்டணம், மதிய உணவு ஆகிய கைச்செலவை மட்டும் தொண்டு நிறுவனம் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குமேல் கொடுத்தால் அது சம்பளமாகக் கருதப்படும். மேலும், வலுவிழப்பினால் ஏற்படும் மேலதிகச் செலவை ஈடுசெய்வதற்கென்று அங்கே வேறொரு கொடுப்பனவு உள்ளது. 1992 இல் ஒரு பெயரிலும் 2013 முதல் இன்னொரு பெயரிலும் வந்த அது, ஒருவர் வேலை செய்தாலும் படித்தாலும் கிடைக்கும். இத்தனையும் கடல் கடந்து வரும்போது சுருங்கி, 'வெளியே போனால் காசு நிற்கும்' என்ற ஒரே வாக்கியமாகிவிடுகின்றது.

கனடாவிலே நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், வலுவிழந்தோர் உதவித் திட்டத்தைப் பெறுபவர் மாதம் 1,000 டொலர் வரை உழைத்தாலும் உதவிப்பணம் குறையாது என்று 2023 இல் விதி மாற்றப்பட்டது. அதற்கு முன் அவ்வரம்பு 200 டொலராகவே இருந்தது. அமெரிக்காவிலே காப்புறுதி அடிப்படையிலான வலுவிழப்புக் கொடுப்பனவைப் பெறுபவர் 9 மாதம் வேலை செய்து பார்க்கலாம். உழைப்பு எவ்வளவாயினும் அந்தப் பரீட்சைக் காலத்தில் பணம் நிற்பதில்லை. பின்னர் வேலை சரிவராமற் போனால், நின்ற பணத்தை 5 ஆண்டுக்குள் விரைவாக மீளப் பெறவும் 1999 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது.

இந்தக் கடைசி ஏற்பாடு கவனிக்கத்தக்கது. ஏனெனில் யாழ்ப்பாணத்து ஏழையின் அச்சத்தில் உண்மையான பகுதி ஒன்று உண்டு. அது இங்கேதான் இருக்கின்றது. படிப்பினாற் பணம் நிற்காது என்று அவருக்கு விளக்கிவிடலாம். ஆனால் படித்து முடித்தபின் ஆறு மாத வேலை ஒன்று கிடைத்து, குடும்ப வருமானம் உயர்ந்து, பெயர் பட்டியலிலிருந்து நீங்கி, ஏழாம் மாதம் வேலையும் போய்விட்டால் என்ன செய்வது? மீண்டும் விண்ணப்பித்து, கணக்கெடுப்புக்குக் காத்திருந்து, ஆட்சேபனைகளைத் தாண்டி, பட்டியலில் ஏற எத்தனை காலமாகும்? நடைமுறையை அறிந்தவர்கள் அஞ்சுவது வெளியே போவதற்கன்று, திரும்பி வருவதற்கு. அவர்களை அறியாமை உடையவர் என்று ஏளனம் செய்வது தகாது. திரும்பி வரும் கதவைத் திறந்து வைப்பது அரசாங்கத்தின் கடன்.

இனிக் கல்வியைப் பற்றிச் சில சொற்கள். வலுவிழந்தோர் கற்பது குடாநாட்டுக்குப் புதிதன்று. தென்னிலங்கையில் இரத்மலானையிலே 1912 இல் மேரி சப்மன் என்னும் மிஷனரி அம்மையார் கண்பார்வையற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்கும் பாடசாலை ஆரம்பித்தார். வடக்கிலே கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956 இல் தோன்றியது. தமிழ்ப் பிள்ளைகள் தம் தாய்மொழியிலே புள்ளியெழுத்தையும் சைகை மொழியையும் கற்க அது வழிசெய்தது. சுன்னாகத்திலுள்ள வாழ்வகத்திலே தங்கி அயற்பாடசாலைகளில் ஏனைய பிள்ளைகளோடு ஒன்றாகப் படித்துப் பல்கலைக்கழகம் சென்ற பார்வையற்ற மாணவர் பலர். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இத்தகையோர்க்கென விசேட அனுமதி ஏற்பாடு ஒன்றை வைத்துள்ளது. பல்கலைக்கழக மாணவர்க்குரிய மகாபொல புலமைப்பரிசில் 1981 ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஏற்பட்டது. அது வறுமையும் திறமையும் நோக்கிக் கொடுக்கப்படுவது. 2025 இல் மாதம் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாள்தோறும் வகுப்புக்குச் செல்ல உடல் இடங்கொடாதவருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் கொக்குவில் நிலையம் பேருதவியாகும். வீட்டிலிருந்து படித்துக் குறித்த நாட்களில் மட்டும் செல்வது, கிழமையில் சில நாட்களை ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்புக்குக் கொடுத்துவிட வேண்டிய சிறுநீரக நோயாளிக்கும் இயலக்கூடியதே.

கட்டடங்களோ இன்னும் பின்தங்கியே நிற்கின்றன. பொதுக்கட்டடங்களிற் சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் வேண்டும் என 2006 இல் விதிகள் வர்த்தமானியில் வெளியாயின. 2011 இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்திற்று. எனினும் மாடிப்படியில் ஏறியே வகுப்பை அடைய வேண்டிய தனியார் கல்வி நிலையங்கள் குடாநாட்டில் எத்தனை! செயற்கைக் கால் பூட்டியவர் மூன்று மாடி ஏறி இறங்கினால், இரவில் அந்தத் தண்டிலே தோன்றும் புண் உதவிப்பணத்தால் ஆறுவதன்று. யாழ்ப்பாணத்திலே 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால்களைச் செய்து கொடுத்து வருகின்றது. இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968 அளவில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் வைத்தியர் சேத்தியும் உருவாக்கிய அந்தப் பாதம், வெறுங்காலோடு வயலில் நடக்கவும், சப்பாணியிட்டு உட்காரவும் ஏற்றது. நடக்கப் பயின்றவன் நடந்துபோய் உட்கார ஒரு வகுப்பறையும் வேண்டும்.

தொண்டைப் பற்றிப் பேசுமிடத்து ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. கோயில் மடத்தில் அன்னதான வேளை காய்கறி வெட்டுவதும், வாசிகசாலையில் பத்திரிகை படித்துக் காட்டுவதும், மாதர் சங்கக் கணக்கை எழுதிக்கொடுப்பதும் நம்மூரில் எக்காலத்தும் தொண்டாகவே இருந்து வந்தன. அவற்றுக்கு எவரும் பட்டியல் வைத்ததில்லை. ஆனால் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் வடக்கிலே 'தொண்டர் ஆசிரியர்' என்று ஒரு கூட்டத்தார் உருவாகினர். ஆசிரியரில்லாத பாடசாலைகளிலே சிறு கொடுப்பனவுக்கோ, அதுவுமின்றியோ ஆண்டுக்கணக்காகக் கற்பித்து, நிரந்தர நியமனத்துக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களாலேயே பல வகுப்புகள் நடந்தன என்பது உண்மை; ஆனால் அந்தச் சொல்லுக்கு, வேலைக்கு முன்வாசல் என்ற பொருளும் ஏறிவிட்டது. வலுவிழந்த ஒருவரும் அவ்வாறு தொண்டராகச் சேர்ந்தால், தமக்குக் கிடைப்பது கைச்செலவா, ஊதியமா என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளல் நன்று. மாதந்தோறும் ஒரே தொகையாகக் கைக்கு வருவதைப் பஸ் செலவு என்று பின்னர் விளக்குவது கடினம். அன்றியும், ஊதியம் கொடுக்க வேண்டிய வேலையை 'இவருக்குத்தான் உதவிப்பணம் வருகின்றதே' என்று இலவசமாகச் செய்விக்கும் நிறுவனங்களும் இல்லாமலில்லை. அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை வலுவிழந்தோர்க்கு ஒதுக்க வேண்டுமென்று பொது நிருவாகச் சுற்றறிக்கை 1988 இலேயே கூறியுள்ளது. அந்த இடங்கள் நிரப்பப்படாதிருக்க, தகுதியுள்ளவரைத் தொண்டராகவே வைத்திருப்பது தொண்டன்று.

ஆகவே நம் அச்சுவேலி இளைஞன் செய்யத்தக்கது என்ன? பெட்டிக்குள் மடித்து வைத்த பத்திரத்தை எடுத்து நிரப்பலாம். வகுப்பில் சேர்ந்ததை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால்தான் பின்னர் சந்தேகம் பிறக்கும். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தருக்கு, தான் இன்ன பயிற்சியில் இன்ன நாள் முதல் சேர்வதையும், அதனால் வருமானம் ஏதும் இல்லாமையையும் எழுதி அறிவித்து, பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். கிராம உத்தியோகத்தர் பல குடும்பங்களின் பாரத்தைச் சுமப்பவர். யாழ் மாவட்டத்தில் அவர்களுக்குரிய பிரிவுகள் 435 உள்ளன. வாய்ப்பேச்சை அவர் மறந்துவிடுவார். கடிதத்தை மறக்க இயலாது. பணம் நிறுத்தப்பட்டால் அதற்குரிய காரணத்தைக் கேட்கவும் மேன்முறையீடு செய்யவும் இடமுண்டு.

காரணம் சொல்லப்படாதபோது பயன்படுத்துவதற்கு இன்னுமொரு சட்டமும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தம் பெயர் எந்த விதியின் கீழ் நீக்கப்பட்டது, அவ்விதியின் பிரதி எங்கே என்று எந்தப் பிரசையும் அவ்வலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரைக் கேட்கலாம். கோரிக்கை தமிழில் இருக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்படல் வேண்டும். கண்பார்வையின்மையாலோ கையின்மையாலோ, வேறெக்காரணத்தாலோ எழுத இயலாதவர் நேரிற் சென்று வாயாற் சொன்னாற் போதும். அதை எழுத்தில் பதிந்துகொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை என்று அச்சட்டமே கூறுகின்றது.